அரணுக்குத் தலை எந்தப் பக்கம்

எனக்கும் என் அண்ணிக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "என்னப்பா, சொந்த அண்ணியைப் போய் இப்படிப் பேசுகிறாய்?" என்று என்னிடம் நியாயம் கேட்கக் கூடாது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே தொழில். ஆனாலும் காலையில் பல் விளக்கும்போது தொடங்குகிற சண்டை ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு வார்த்தை நான் சொன்னால் ஒன்பது வார்த்தை அவள் சொல்வாள். அதில் ஏழு என் மூஞ்சியைப் பற்றியதாக இருக்கும்.

எனக்கு ஏன் நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்று கேளுங்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் நல்ல மனிதர்கள். மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா என்று மரியாதைக்குக் கேட்டார்கள். யாராவது உண்டு என்று சொல்வார்களா? இவள் சொன்னாள். "குடிப்பான். ஆனா எவ்வளவு குடிச்சாலும் காலையில வேலைக்கு எந்திரிச்சிருவான். அந்த விஷயத்துல தங்கம்." என்னைப் புகழ்ந்ததாக நினைப்பு! வந்தவர்கள் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனார்கள். "பின்ன, பொய் சொல்லி ஒரு பொண்ணக் கொண்டாந்து கெணத்துல தள்ளவா?" என்று அதற்கும் என்னையே ஏசினாள்.

நாங்கள் மரம் வெட்டுகிறவர்கள். காட்டில் அல்ல, ஊருக்குள்ளே. கூரை மேல் சாய்ந்த மரம், மின்கம்பியில் உரசுகிற மரம், பள்ளிக்கூடத்துச் சுவரை வேரால் பிளக்கிற மரம், இப்படி. காட்டில் மரம் எங்கே விழுந்தாலும் காடுதான். ஊருக்குள் அப்படி இல்லை. ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் கடை, நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தில்தான் விழ வேண்டும். அதனால் எங்கள் தொழிலில் ரம்பத்தைவிடக் கயிறு பெரியது. ஒருவன் ஏறி உச்சிக்குக் கொஞ்சம் கீழே கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கி வந்து அடியில் நின்று அறுப்பான். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில், தள்ளி நின்று, கப்பி மாட்டிக் கயிற்றைப் பிடிப்பார் இன்னொருவர். அறுக்கிறவன் மரத்துக்கு முதுகுப் பக்கம். கயிற்றுக்காரர் முகத்துக்கு எதிரே. இந்த இரண்டு இடமும் எந்தக் காலத்திலும் மாறாது.

முன்பு கயிறு அண்ணனுடையது. ஒரு மழைக்காலத்தில், சிக்கிய கயிற்றை எடுக்க ஏறிய இடத்தில் கிளை ஒடிந்து அவர் விழுந்தார். யார் மேலும் பழி இல்லை. உள்ளே உளுத்திருந்தது வெளியே தெரியவில்லை. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. அடுத்த வேலைக்கு நான் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, அண்ணனின் கையுறையை மாட்டிக்கொண்டு அண்ணி வந்து நின்றாள்.

"பொம்பள கயிறு பிடிச்சா ஆள் கூப்பிட மாட்டாங்க அண்ணி," என்றேன்.

"அந்த முனையில நிக்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு மரத்துக்குத் தெரியுமாடா? ஏறு மேல," என்றாள்.

ஏறினேன். அன்று முதல் அவளுக்குப் பெயரே கயிற்றுக்காரி. எனக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் அவள் கயிற்றில் இருக்கும்போது நான் ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்த்துக்கொண்டு அறுத்ததில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணனை அவள் பார்த்துக்கொண்ட விதமும் அப்படித்தான். கொஞ்சல் கிடையாது. படுத்தே கிடக்கிற உடம்பை அடிக்கடி புரட்டிப் போடாவிட்டால் தோல் அழுகிவிடும். புரட்டும்போதெல்லாம் திட்டுவாள். "ராஜா வீட்டுக் கன்னுக்குட்டி! கொஞ்சம் கையாவது ஊனி ஒத்தாசை பண்ணுய்யா!" அண்ணனும் பதிலுக்குத் திட்டுவார். இவ்வளவு பார்த்தும் அவர் இடுப்பில் ஒரு புண் வந்து எலும்பு வரைக்கும் போய்விட்டது. வாரத்துக்கு ஒரு தடவை மூன்று சக்கர வண்டியில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டு மாற்ற வேண்டும். இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் விட்டால் ரத்தத்தில் விஷம் ஏறிவிடும், பிறகு எங்களிடம் வந்து அழாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரி மேலே. எங்கள் ஊர் சரிவில் இருக்கிற ஊர். ஆஸ்பத்திரி, கடைத்தெரு, பஸ் நிலையம் எல்லாம் மேட்டில். கீழே ஆற்றோரத்தில் எங்கள் தெரு. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சாலை, ஒரு பக்கம் கற்சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். ஆற்றுப் பாலத்தை யாரோ தகர்த்துவிட்டார்கள். யார் என்று கேட்டால் இரண்டு தரப்பும் மற்றவனைக் கை காட்டுகிறது. சண்டை எங்கோ நடந்துகொண்டிருக்கிறது என்று வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஒருநாள் பார்த்தால் சாலை வளைவுக்கு மேலே இருந்த பள்ளிக்கூடத்தில் படை வந்து இறங்கியிருந்தது.

அதிகாரி சின்ன வயதுக்காரர். கண்வலி. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எங்களிடம் பேசினார்.

"வளைவுலேர்ந்து ரோட்டோரம் இருக்கிற மரத்தையெல்லாம் சாய்க்கணும். மர அரண் போடப்போறோம். கூலி உண்டு. இன்னிக்கே ஆரம்பிங்க."

அரண் என்ற சொல்லை எங்கள் தெருவில் யாரும் அதுவரை வாயால் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்து மறந்த சொல். மத்தியானத்துக்குள் அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. முடி வெட்டுகிறவர் கடையில் கூட்டம் கூடியது. அவர்தான் எங்கள் தெருவின் பேப்பர் படிக்கிற ஆள். கத்தரிக்கோலை நிறுத்தாமலே விளக்கம் சொன்னார்.

"அரண்னா காவல். கோட்டைக்கு இருக்கில்ல, மதில், அகழி, அதெல்லாம் அரண்தான். மர அரண்னா மரத்தாலயே ஒரு மதில். எதிரி வர முடியாது. நம்மளக் காப்பாத்தத்தான் போடுறாங்க."

நம்மளக் காப்பாத்த! தெருவுக்கே தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் குழாய்க்குக் கூட நாதியில்லாமல் கிடந்த தெருவுக்கு அரண் வருகிறதாம். இரண்டு பேர் கூலி வேண்டாம் என்று எங்களுடன் உதவிக்கு வந்தார்கள். தாய்மார்கள், "அரண் வந்துரும், பயப்படாம தூங்கு" என்று பிள்ளைகளைத் தட்டினார்கள். அண்ணி மட்டும், "சும்மா கெடைக்கிற எதையும் நான் நம்பமாட்டேன்," என்றாள். அவள் எதைத்தான் நம்பினாள்!

முதல் நாள் நடந்த கூத்தைச் சொல்கிறேன். சிப்பாய்கள் சாப்பிடப் போனார்கள். நாங்கள் முதல் இரண்டு மரத்தைச் சாய்த்தோம். அண்ணி கயிறு இழுத்த லட்சணத்தில் ஒரு கல் கூடப் பெயரவில்லை. விழுந்ததும் எங்கள் வழக்கப்படி கிளைகளைக் கழித்தோம், தண்டைத் துண்டு போட்டோம், சுவரோரம் அழகாக அடுக்கினோம். சாலையில் ஒரு சுள்ளி கிடக்கக் கூடாது, அண்ணிக்கு அது மானப்பிரச்சினை. பக்கத்து வீட்டுத் துடைப்பத்தை வாங்கி வந்து இலை தழையெல்லாம் கூட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

சிப்பாய்கள் திரும்பி வந்து பார்த்தார்கள். சாலை கண்ணாடி மாதிரி கிடந்தது. முன்பைவிட அகலமாக வேறு ஆகியிருந்தது.

"அரண் எங்க?" என்றான் ஒருவன்.

"அதோ, அடுக்கி வச்சிருக்கோம்," என்றேன் நான்.

கத்தினார்கள். ஒருவன் துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்தான். அண்ணி விடுவாளா? "ரோட்ட மறிச்சுப் போட்டுட்டுப் போறதுக்குப் பேரு மரம் வெட்டுறதா? எங்க பரம்பரையில ஒருத்தன் அப்படிப் பண்ணினதில்ல! நாளைக்கு ஒரு வண்டி முட்டினா யாரு பதில் சொல்றது, உங்கப்பனா?" துப்பாக்கி வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டு எனக்கும் இரண்டு வசவு கொடுத்தாள்.

சத்தம் கேட்டு அதிகாரி வந்தார். அவருக்குக் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம்.

"கேட்டுக்கங்க. அரண்னா அதுல வழியே இருக்கக் கூடாது. மரத்த முழுசா அறுத்துப் பிரிக்காதீங்க. அடிக்கட்டையோட ஒட்டிக்கிட்டே விழணும், அப்பத்தான் எவனும் இழுத்துட்டுப் போக முடியாது. கிளையக் கழிக்காதீங்க, நுனியக் கூராச் சீவி விடுங்க. தலை எதிரி பக்கம். அடி நம்ம பக்கம். இவ்வளவுதான் அரண்."

அண்ணி விழுந்து கிடந்த துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். வசவு வராததே எனக்குப் பயமாக இருந்தது. பிறகு கேட்டாள்.

"எதிரி எந்தப் பக்கம் ஐயா? கயிறு கட்டணும்ல, அதுக்குக் கேக்கிறேன்."

அவர் கைக்குட்டை பிடித்த கையாலேயே சரிவைக் காட்டினார். "கீழ்ப்பக்கம்."

கீழே பார்த்தேன். எங்கள் தெருவின் கூரைகள் தெரிந்தன. அங்கே வேறு எதுவும் இல்லை.

சாயங்காலம் இறங்கி வரும்போது நானே ஆரம்பித்தேன். "ஆத்தத் தாண்டி வருவாங்க அண்ணி. அந்த எதிரியத்தான் சொல்றாரு."

"சரி. ஆத்தத் தாண்டி வர்றவனுக்கு முதல்ல யாரு வீடு வரும்?"

"நம்ம வீடு."

"அரண் எங்க போடுறாங்க?"

"வளைவுல."

"அப்ப நம்ம வீடு அரணுக்கு உள்ளயா, வெளியவா?"

நான் திரும்பி வளைவைப் பார்த்தேன்.

"உள்ள இருக்கிறவனுக்குத்தான்டா அது அரண். நமக்கு வெறும் அடைப்பு. நம்ம தெருவுல எவனோ பாலத்தத் தகர்த்தவங்களுக்குச் சோறு போட்டான்னு இந்தப் படைக்காரங்க நெனப்பு. நாமளும் எதிரிதான். மண்ணாந்தை, உனக்கு இதெல்லாம் நான் படம் வரஞ்சா காட்டணும்?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. படை மேல் வந்ததா, இவள் மேல் வந்ததா என்று கேட்டால், இரண்டு பேர் மேலும்தான். அவள் சொன்னது சரியாக இருந்துவிட்டதே, அது இன்னும் எரிச்சல்.

அவள் இதை மூடி வைக்கவில்லை. நேரே முடி வெட்டுகிறவர் கடைக்குப் போய், உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். அன்றே பலர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வளைவில் சிப்பாய்கள் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். இனிமேல் மரவேலை செய்கிறவர்களைத் தவிரக் கீழ்த்தெருக்காரர் யாரும் மேலே வரக் கூடாது என்று உத்தரவாம். வேலியே பயிரை மேய்கிறது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தோம்.

இப்போது தெரு முழுக்க எங்கள் வாசலில்.

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு வெட்டுற? நாளைக்கே நிறுத்து!" என்றார் முடி வெட்டுகிறவர்.

"நான் நிறுத்தினா வேற ஆளக் கொண்டாந்து வெட்டுவாங்க. அப்ப வளைவத் தாண்டிப் போக எனக்கும் வழி இருக்காது. என் புருஷன் ஆஸ்பத்திரிக்குப் போகணும். உன் வீட்டுல அப்படி ஒருத்தர் படுத்திருந்தா நீ வெட்டுவியா மாட்டியா?"

"தெருவே சாகட்டும், உன் புருஷன் மட்டும் பொழைக்கணும். அப்படித்தானே?"

"ஆமா," என்றாள். "அப்படித்தான்."

எதற்கு இந்த ஆமா? "இல்லை, எல்லோருக்காகவும் பேசிப் பார்க்கிறேன்" என்று ஒரு வாய்வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? அந்த ஒரு சொல்லோடு எங்கள் குடும்பம் தெருவுக்கு ஆகாததாயிற்று. "கோடாலிக்காம்பு" என்று எங்கள் சுவரில் கரியால் எழுதினார்கள். தன் இனத்தையே வெட்டத் துணை போகிற கட்டைக்குச் சொல்கிற பெயர் அது, மரம் வெட்டுகிறவர்களுக்கு ரொம்பப் பொருத்தமாகத்தான் இருந்தது. உதவிக்கு வந்த இரண்டு பேரும் வராமல் நின்றுவிட்டார்கள். என் அரைகுறை தாடியோடு நான் கடையில் போய் உட்கார்ந்தபோது, முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஜன்னல் வழியாக ஒரு கல் வந்து அண்ணனின் கட்டில் காலில் பட்டது.

அரண் என்ற சொல்லும் எங்கள் தெருவில் வேறு மாதிரி புழங்க ஆரம்பித்தது. குழாயடியில் ஒருத்தி, "ஏண்டி, கொடத்த வச்சு அரண் போடுற, எடுடி!" என்று கத்துவாள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்த மருமகளைப் பார்த்து மாமியார், "மகாராணி அரண் போட்டுட்டா" என்பாள். எங்களைப் பார்த்தால், "உங்க வீட்டு வாசல்ல அரண் விழ" என்பார்கள். மதில், காவல் என்று யாருக்கும் இப்போது அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு மரமாக விழுந்தது. தலை கீழ்ப்பக்கம், அடி மேல்பக்கம். நான் மேலே நின்று அறுப்பேன், அவள் கீழே நின்று இழுப்பாள், வேலை முடிந்ததும் கடைசியாக மிச்சமிருந்த இடைவெளி வழியாக நாங்கள் ஏறுவோம், இறங்குவோம். அந்த இடைவெளியின் ஓரத்தில் நின்றது ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள்.

கட்டு மாற்றும் நாள் வந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். வளைவில் சிப்பாய் தடுத்தான். "மரம் வெட்டுறவங்க ரெண்டு பேருதான். இந்த ஆளு மரம் வெட்டுறாரா?" அண்ணன் படுத்தபடியே அவனை ஒரு வார்த்தை சொன்னார், அதை எழுத முடியாது. அவரைத் திருப்பிக்கொண்டு வந்தோம். இரண்டாம் நாள் புண்ணிலிருந்து வாடை வந்தது. அவருக்குக் காய்ச்சல் லேசாகத் தொடங்கியிருந்தது.

அண்ணி அதிகாரியிடம் போனாள். நானும் கூடப் போனேன், இவள் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வாளே என்ற பயத்தில்.

"கடைசி மரத்த இன்னிக்குச் சாய்ச்சிடு," என்றார் அவர்.

"மாட்டேன்."

அவர் கண்ணைத் துடைப்பதை நிறுத்தினார்.

"அது மேல்பக்கமா சாஞ்சு நிக்கிற மரம். தானா விட்டா வளைவுல போட்டிருக்கிற உங்க கூடாரத்து மேல விழும். ரம்பம் யார் வேணா பிடிப்பான். அத மடக்கிக் கீழ்ப்பக்கமா இழுக்க இந்த ஊர்ல நான் ஒருத்திதான். வேணும்னா ஆள் விட்டு விசாரிங்க."

"வெடி வச்சுத் தகர்ப்பேன்."

"வைங்க. கல்சுவரு சரியும். உங்க ரோடும் சேர்ந்து பள்ளத்துக்குப் போகும்."

அவருக்கு அது தெரிந்திருந்தது போலும். நாற்காலியில் சாய்ந்தார். "என்ன வேணும் உனக்கு?"

"என் புருஷன ஆஸ்பத்திரியில சேர்க்கணும். மேலயே இருக்கட்டும். வந்து சாய்ச்சுத் தரேன்."

"ஒரு நோயாளி, கூட ஒரு துணை. அதுக்கு மேல ஒரு ஈ கூட வரக் கூடாது. மரம் விழுந்த பிறகு யாரும் அரணத் தாண்டக் கூடாது. தாண்டினா சுடுவோம்."

"சரி," என்றாள்.

வெளியே வந்ததும் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். துணை அவள்தான். புருஷன், பெண்டாட்டி. நான் கீழே போய்விடுவேன். திட்டினாலும் அது என் தெரு. காலையில் எழுந்தால் இவள் குரல் கேட்காது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அண்ணனை வண்டியில் ஏற்றினோம். கட்டு மாற்றத்தான் போகிறோம் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. ஒரு கிழவி எங்கள் பாதையில் துப்பினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் புண்ணைப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டினாள், படுக்கை கொடுத்தாள். அண்ணி அண்ணனின் போர்வையை இழுத்துவிட்டாள். "நர்ஸுகிட்ட வாயக் காட்டாதய்யா. இது நம்ம வீடு இல்ல," என்றாள். "ஆமா, நீதான் எனக்கு வாய்ப் பாடம் எடுக்கணும்," என்றார் அண்ணன். அவள் திரும்பி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

தூங்குமூஞ்சி மரத்தில் ஏறிக் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கினேன். கீழே அவள் ஒரு துணி மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். என் சட்டைகள், என் போர்வை, அண்ணனின் மருந்து.

"இதெல்லாம் எதுக்கு?"

"நீ மேல இருக்கப்போற இல்ல. வேற எதுக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மரம் கீழ்ப்பக்கம் விழ வேண்டும். கயிறு கீழ்ப்பக்கத்திலிருந்துதான் இழுக்க வேண்டும். விழுந்த பிறகு யாரும் தாண்ட முடியாது. இத்தனை மரம் அறுத்தவன் நான். இது என் மண்டையில் ஏறவே இல்லை. அவளுக்கு, அந்த அதிகாரி கைக்குட்டையால் கீழே காட்டிய அன்றைக்கே ஏறிவிட்டது.

"நான் இழுக்கிறேன். நீங்க மேல நின்னு அறுங்க," என்றேன்.

"நீ இழுத்திருக்கியா இதுவரைக்கும்?"

"நீங்க அறுத்திருக்கீங்களா?"

"அறுக்கிறது பெரிய வித்தையா? இது மேல சாஞ்ச மரம்டா. கயிறு ஒரு மூச்சு தளர்ந்தா அடியில நிக்கிறவன் மேலதான் வரும். உன் கயித்த நம்பி நான் அடியில நிக்கவா? குடிகாரன் கையில தலையக் குடுத்த மாதிரி! மரமும் கூடாரத்து மேல விழும், அவன் ரெண்டு பேரையும் சுடுவான், அங்க அந்த மனுஷன் கேக்க நாதியில்லாம அழுகிச் சாவாரு. போடா அந்தப் பக்கம்."

"அவரு உங்களத்தான் கேப்பாரு."

"கேக்கட்டும்."

"கீழ உங்கள சும்மா விடுவாங்களா? சுவத்துல எழுதினதப் பாத்தீங்கல்ல."

"என்ன பண்ணுவாங்க? திட்டுவாங்க. என் வாயில மட்டும் கொழுக்கட்டையா வச்சிருக்கேன்?" மூட்டையைத் தூக்கி என் கையில் திணித்தாள். நான் நகராததற்கும் என் மேல் பாய்ந்தாள். "நின்னு என்ன மூஞ்சியப் பாக்குற? முதல்முதலாப் பாக்குறியா? ரம்பத்த எடு!"

கயிற்றின் முனையைத் தோளில் போட்டுக்கொண்டு இடைவெளி வழியாக இறங்கிப் போனாள். நடையில் வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. கீழே கற்கம்பத்தில் கப்பியைக் கட்டினாள். அவளுக்குப் பின்னால், தள்ளி, தெருவே வந்து நின்றது. முடி வெட்டுகிறவரும் நின்றார். அவளுக்கு உதவிக்கு ஒருவரும் வரவில்லை.

மரம் சாய வேண்டிய கீழ்ப்பக்கம் ஆப்பு வடிவில் வாய் வெட்டிவிட்டு மேல்பக்கம் வந்து அறுக்க ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாக அறுத்தேன். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? "சாப்பிடலையாடா? அழுத்து!" என்று அங்கிருந்து கத்தினாள். அழுத்தினேன். மரம் முதலில் என் பக்கம் அசைந்தது. அதிகாரியும் சிப்பாய்களும் ஓடி விலகினார்கள். நான் நகரவில்லை. கயிறு விண்ணென்று இறுகியது. மரம் ஒரு நிமிஷம் யோசித்து நின்றது, பிறகு அவள் இருந்த பக்கமாகச் சாய்ந்து போயிற்று.

புழுதி அடங்கியபோது சாலை இல்லை. இலையும் கிளையும்தான் இருந்தன. அந்தப் பக்கம் யாரையும் தெரியவில்லை. "அண்ணி!" என்று கத்தினேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கத்தினேன். கிளைகளுக்குள்ளிருந்து, "உசுரோடதான் இருக்கேன், கத்தாத!" என்று வந்தது. பிறகு, "அவருக்கு மருந்து கசக்கும், துப்பப் பாப்பாரு, மூக்கப் பிடிச்சு ஊத்து!" அதற்கு மேல் கேட்கவில்லை. சிப்பாய் என் தோளைப் பிடித்து மேலே தள்ளினான்.

வார்டில் அண்ணன் விழித்துக்கொண்டு கிடந்தார். நான் மூட்டையோடு தனியாக வந்ததைப் பார்த்தார். "அவ எங்க?" என்று கேட்பார், என்ன பொய் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"பெரிய மரத்தச் சாய்ச்சிட்டீங்களா?"

"சாய்ச்சாச்சு."

"தலை எந்தப் பக்கம்?"

கயிற்றுக்காரனாக இருந்தவரிடம் நான் என்ன மறைக்க முடியும்? "கீழ்ப்பக்கம்," என்றேன்.

அவர் முகம் அப்படியே கோணிற்று. "என்னக் கேட்டாளா?" என்று ஆரம்பித்தார். "யாரக் கேட்டு என்ன இங்க கொண்டாந்து போட்டா அவ? நான் கேட்டேனா எனக்கு ஆஸ்பத்திரி வேணும்னு? நீயும் ஒரு ஆம்பளையா? அறுக்க மாட்டேன்னு சொல்ல உனக்கு வாய் இல்ல?" வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையணையை எடுத்து என் மேல் வீசினார், அது பாதி வழியிலேயே விழுந்தது. "கிட்ட வராத! தொடாத என்ன! அவளத் தவிர யாரும் என்னத் தொடக் கூடாது!"

அவர் கத்திக் கத்தி ஓயும் வரைக்கும் நான் கட்டில் ஓரத்தில் நின்றேன். அவர் எவ்வளவு நேரமாக அதே பக்கமாகப் படுத்திருந்தாரோ தெரியவில்லை. போர்வையை விலக்கி, இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்தேன். என் கன்னத்தில் அறைந்தார். "கொஞ்சம் கையாவது ஊனுங்களேன்!" என்று நானும் கத்தினேன். அழுதுகொண்டே கையை ஊன்றினார். அவரைப் புரட்டி அந்தப் பக்கமாகப் படுக்க வைத்தேன்.